எடோபெய்யின் விரல்கள்

முதல் நாள்: கபுக்கிசா வாசல்

காலையில் நரித்தா விமான நிலையத்தில் இறங்கினேன். அக்கா மகள் வீடு நிஷி கசாயில் இருக்கிறது. டோக்கியோவில் நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் பகுதி அது. சோறும் ரசமும் போட்டுவிட்டு, "ராத்திரி பூரா தூங்கலை, பேசாமப் படுங்க மாமா" என்றாள். படுத்தேன். தூக்கம் வரவில்லை. நாலு மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றதும், அவளும் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

நான் ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆஃப்செட் மெஷினில் நின்றவன் நான். ரொம்ப வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டுக் காலண்டர் ஒன்றின் தாள் கைக்கு வந்தது. சாம்பல் நிறப் பின்னணி. அதன் முன்னால் கழுத்தை நீட்டி, உதட்டைக் கீழே வளைத்து, கண்ணைக் குறுக்கிப் பார்க்கும் ஒரு மனிதன். அங்கிக்குள்ளிருந்து இரண்டு கைகள் வெளியே வருகின்றன, விரல்கள் அத்தனையும் விரிந்தபடி. அந்த முகத்துக்கு அந்தக் கைகள் சின்னவை. வரைந்தவருக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. வெட்டி எடுத்து மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது.

அந்த மனிதன் மூன்றாம் ஒதானி ஒனிஜி என்ற நடிகர். ஜப்பானின் பழைய நாடகக் கலையான கபுக்கியில் நடித்தவர். எடோபெய் என்ற அடியாள் வேடத்தில் இருக்கிறார். வரைந்தவர் தோஷுசாய் ஷராக்கு, ஆண்டு 1794. கபுக்கி நடிகர்களை இப்படி மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களை ஜப்பானியர்கள் யாகுஷா-எ என்கிறார்கள். யாகுஷா என்றால் நடிகர், எ என்றால் படம். இந்த ஊர் எடோ என்ற பெயரில் இருந்த காலத்தில், கூத்துக் கொட்டகைக்குப் போய்வந்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட படங்கள் இவை. போக முடியாதவர்களும் வாங்கினார்கள்.

தோசாய் ரயிலில் கயாபச்சோ வரை போய், ஹிபியா ரயிலுக்கு மாறினால் ஹிகாஷி கின்சா. நிலையத்தின் படிகளே கபுக்கிசாவின் அடித்தளத்தில் கொண்டுபோய் விடுகின்றன. வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். வளைந்த கூரையோடு வெள்ளையாக நிற்கிறது கட்டடம். 1889இல் தொடங்கிய அரங்கம் தீ, நிலநடுக்கம், போர் எல்லாம் கடந்து பலமுறை எழும்பியிருக்கிறது. இப்போதிருப்பது கெங்கோ குமா வடிவமைப்பில் 2013இல் திறந்தது.

கட்டடத்தைவிட என்னை நிறுத்தியது வாசலில் தொங்கிய ஓவியப் பலகைகள். அந்த மாதம் நடக்கும் நாடகக் காட்சிகளைக் கையால் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். தோரீ என்ற ஓவியக் குடும்பத்தின் பாணி அது. அந்தக் குடும்பம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடோவின் கொட்டகைகளுக்குப் பலகை எழுத ஆரம்பித்தது. முதலாம் தோரீ கியோனொபு அதே கையால் அச்சுப் படங்களும் வரைந்தார். அவருடைய கோடுகளுக்கு ஒரு பெயர் உண்டு: 'சுரைக்காய்க் கால், மண்புழுக் கோடு'. கெண்டைக்கால் சதை சுரைக்காய் போலத் திரண்டிருக்கும். கோடு மண்புழு போல ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து நெளியும். வீரவேடத்தின் முறுக்கைக் காட்ட அதைவிட நல்ல கோடு இருக்க முடியாது.

அந்தக் காலத்துப் படங்களில் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். இவர் இன்னார் என்று எப்படித் தெரியும் என்று அக்கா மகள் கேட்டாள். சட்டைக் கையைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு நடிகர் வீட்டுக்கும் ஒரு சின்னம் உண்டு. இச்சிகாவா தன்ஜூரோ வீட்டுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள். அரிசி அளக்கும் மரப்படிகளை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம். சின்னம் தெரிந்தால் ஆள் தெரியும்.

முகமே ஆளைச் சொல்ல இன்னும் எழுபது வருடம் ஆனது.

இரண்டாம் நாள்: உவேனோ

டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். பிரதானக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், உக்கியோ-எ என்று சொல்லும் எடோ காலத்து அச்சுப் படங்களுக்கான அறை இருக்கிறது. அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த ஷராக்கு படங்கள் இவர்களிடம் உண்டு. இன்று அவை சுவரில் இல்லை.

இந்தப் படங்களை நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. சில வாரங்கள் காட்டுவார்கள், பிறகு நீண்ட காலம் இருட்டில் ஓய்வு. செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயங்கள் வெளிச்சத்தைத் தாங்காது. குங்குமப்பூப் போன்ற குசும்பப் பூவிலிருந்து எடுத்த சிவப்பும், பகலில் பூத்து அன்றே வாடும் ஒரு சின்ன நீலப் பூவின் சாறும் முதலில் போய்விடும். மை மங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் மனசு கொஞ்சம் சுருங்கினாலும் அவர்கள் செய்வதுதான் சரி என்று பட்டது. அறையில் வெளிச்சம் மிகவும் குறைவு. கண் பழக ஐந்து நிமிடம் ஆகிறது.

ஷராக்கு இல்லாவிட்டாலும் கட்சுகாவா ஷுன்ஷோ இருந்தார். நான் எதிர்பார்க்காத பரிசு அது. சுமார் 33 செண்டிமீட்டர் உயரம், 15 செண்டிமீட்டர் அகலம் கொண்ட ஒடுக்கமான தாள். ஒரு தாளுக்கு ஒரு நடிகர். ஷுன்ஷோவும் இப்பித்சுசாய் புன்சோ என்ற இன்னொருவரும்தான் 1760களின் கடைசியில் நடிகரின் சொந்த முகத்தை வரைய ஆரம்பித்தவர்கள். பெரிய மூக்குக்காரருக்குப் பெரிய மூக்கு, உருண்டைக் கன்னத்துக்கு உருண்டைக் கன்னம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், 1765 வாக்கில், பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அச்சிடும் முறை எடோவில் நிலைபெற்றது. வண்ணமும் முகமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன.

ஷுன்ஷோ ஆரம்பத்தில் கையொப்ப முத்திரை இல்லாத அளவுக்கு ஏழை. குடியிருந்த வீட்டுக்காரரின் ஜாடி வடிவ முத்திரையைக் கடன் வாங்கிப் படத்தில் குத்தியிருக்கிறார். அதனால் ஊரார் அவரை 'ஜாடி' என்று கூப்பிட்டார்கள். அவருடைய மாணவர் ஷுன்கோவுக்குக் 'குட்டி ஜாடி' என்று பேர். அவரிடம் படித்த இன்னொரு பையன் 1779 வாக்கில் ஷுன்ரோ என்ற பெயரில் நடிகர் படங்கள் வரைய ஆரம்பித்தான். அந்தப் பையன்தான் பிற்பாடு ஹொக்குசாய். உலகமே அறிந்த அந்தப் பேரலையை வரைந்த கை, நடிகர் மூக்கை வரைந்துதான் பழகியிருக்கிறது.

ஒரு பெண் வேடப் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். நெற்றிக்கு மேல் ஒரு சின்னத் துணித் துண்டு. ஊதாவாக இருந்திருக்க வேண்டும், இப்போது சாம்பல் கலந்த பழுப்பு. அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கபுக்கியைத் தொடங்கியது ஒரு பெண், இசுமோ நொ ஒகுனி, 1603இல், கியோத்தோவில். 1629இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. பையன்கள் ஆடினார்கள். 1652இல் அதற்கும் தடை. வளர்ந்த ஆண்கள் மட்டும் ஆடலாம், அதுவும் முன்நெற்றி முடியைச் சிரைத்துக்கொண்டு ஆடலாம் என்று விட்டார்கள். பெண் வேடம் கட்டிய ஒன்னகாதா நடிகர்கள் சிரைத்த இடத்தை மறைக்க ஊதாத் துணியைக் கட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அந்தத் துணியே அழகாகிவிட்டது.

ஷுன்ஷோ அந்தத் துணியை மறைக்காமல் வரைகிறார். தாளில் நிற்பது ஒரு பெண், அதே சமயம் அந்தப் பெண்ணாக நிற்கும் ஓர் ஆண். இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்கிறோம்.

மூன்றாம் நாள்: வசேதா

நிஷி கசாயிலிருந்து அதே தோசாய் ரயிலில் நேராக வசேதா. அங்கே பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு நாடக அருங்காட்சியகம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் ஜப்பானிய மொழியில் தந்த த்சுபோஉச்சி ஷோயோவைக் கௌரவித்து 1928இல் திறந்தது. கட்டடமே பழைய லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றின் சாயலில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. நாற்பதாயிரத்துக்கும் அதிகமான நாடக அச்சுப் படங்கள் இவர்களிடம் இருக்கின்றன. ஒரு சிறு பகுதியைத்தான் ஒரு சமயத்தில் பார்க்க முடியும்.

அக்கா மகள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஜப்பானிய மொழி நன்றாக வரும், ஆனால் படங்களில் இருக்கும் பழைய காலத்துச் சுழித்த எழுத்து அவளுக்கும் புரியாது. அச்சுப் படம், பழைய நிகழ்ச்சித் தாள், புத்தகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். நாலாவது படத்தருகே நின்று, "மாமா, இதுவும் அதே மூக்குதானே?" என்றாள்.

அதே மூக்குதான். ஐந்தாம் மத்சுமோதோ கோஷிரோ. கழுகு மூக்கு, சின்னக் கண். வில்லன் வேடங்களில் எடோவையே நடுங்க வைத்தவர். 'உயர்ந்த மூக்கு கோஷிரோ' என்றே அவரைச் சொல்வார்கள். தொயோகுனி வரைந்தாலும் குனிசதா வரைந்தாலும் அந்த மூக்கு ஒன்றுதான். ஓர் எழுத்தும் படிக்காமல் இருநூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த நடிகரை இவள் அடையாளம் கண்டுவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

இந்த அடையாளம் எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு சம்பவம். 1842இல் அரசு சிக்கனச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. நடிகர் படங்களும் விலைமகளிர் படங்களும் அச்சிடக் கூடாது. அச்சுப் படத்தின் விலை 16 மோன் தாண்டக் கூடாது. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலை அது. எத்தனை கட்டையில் அச்சிடலாம் என்பதற்கும் வரம்பு. கொட்டகைகளை ஊருக்கு வெளியே அசகுசாப் பக்கம் துரத்தினார்கள். ஆடம்பரமாக வாழ்ந்ததாகச் சொல்லி ஏழாம் தன்ஜூரோவை எடோவிலிருந்தே வெளியேற்றினார்கள்.

அச்சுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குனியோஷி என்ற ஓவியர் 1840களின் பிற்பகுதியில் ஒரு தொகுதி போட்டார். கிடங்குச் சுவரில் யாரோ பையன்கள் ஆணியால் கிறுக்கிவிட்டுப் போனது போன்ற படங்கள். நடுவில் பூனை ஒன்று நின்றுகொண்டு ஆடுகிறது. உற்றுப் பார்த்தால் அத்தனை கிறுக்கலும் அன்றைய நடிகர்களின் முகங்கள். எடோவாசி பார்த்த மாத்திரத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியிருப்பான். தோரீ காலத்தில் சின்னம் இல்லாமல் ஆள் தெரியாது. குனியோஷி காலத்தில் ஆணிக் கிறுக்கலே போதும்.

மரணப் படங்கள் என்றே ஒரு வகை உண்டு, ஷினி-எ. பெரிய நடிகர் இறந்தால் உடனே அச்சிட்டு விற்பார்கள். பெரும்பாலும் வெளிர்நீல உடை, இறந்த தேதி, புத்த மதப்படி வைத்த மரணப் பெயர், சில சமயம் அவருடைய கடைசிக் கவிதை. 1854இல் எட்டாம் தன்ஜூரோ ஒசாகாவில் ஒரு விடுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஊரே கொண்டாடிய அழகர். அவருக்காக நூற்றுக்கணக்கில் வெவ்வேறு மரணப் படங்கள் வந்தன. பெண்கள் கூட்டம் கூட்டமாக அழும் படங்கள், புத்தர் பரிநிர்வாணம் அடைந்தது போல அவரைக் கிடத்திய படங்கள். அவசரத்தில் போட்டதால் சிலவற்றில் தேதியும் வயதுமே தவறாக இருக்குமாம். அச்சகத்தில் நின்றவன் என்பதால் அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. துக்கச் செய்தி கடைத்தெருவுக்குப் போவதற்குள் தாள் காய்ந்திருக்க வேண்டும். அந்த ராத்திரிகளில் கட்டை செதுக்கியவர்களும் அவருடைய ரசிகர்களாக இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அதன் பிறகு அவற்றை வெறும் வியாபாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள்: மெஜிரோ

இந்தப் பயணத்தின் நாள் இதுதான்.

தகதனோபாபா வரை போய், யமனோதே ரயிலில் ஒரே நிறுத்தம், மெஜிரோ. அங்கிருந்து நடந்தால் அடாச்சி மரப்பதிப்பு நிறுவனம். 1928 முதல் இயங்குகிறது. பழைய உக்கியோ-எ படங்களைப் பழைய முறையிலேயே கட்டை செதுக்கி மறுபடி அச்சிடுகிறார்கள். மூலப் படத்தை மூன்று அடி தள்ளிக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். இங்கே கையில் தருவார்கள்.

அச்சுக்காரன் என்று சொன்னதும், காட்சியறையில் இருந்த பெண்மணி ஒரு செதுக்கிய கட்டையை மேஜையில் வைத்தார். காட்டுச் செர்ரி மரம். கல் போன்ற கடினம். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைக் கட்டையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுக்கிறார்கள். ஓவியரின் கையெழுத்துத் தாள் அத்தோடு அழிந்துபோகிறது. அந்தக் கோட்டுக் கட்டையில் சில பிரதிகள் எடுத்து, ஓவியர் எங்கே என்ன வண்ணம் என்று குறிக்கிறார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை. நெற்றியோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று. அதைச் செதுக்குபவர் பட்டறையிலேயே மூத்த கை. உடையைச் செதுக்குவது இளையவர்கள் வேலை.

கட்டையின் மூலையைத் தடவினேன். 'ட' வடிவில் சின்னதாக ஒரு வெட்டு. விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோடாக இன்னொரு வெட்டு. கென்தோ என்று பெயர். தாளின் மூலை முதல் வெட்டில் உட்கார வேண்டும், ஓரம் இரண்டாவதைத் தொட வேண்டும். எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் மெஷினில் ஃப்ரண்ட் லே, சைடு லே என்று சொல்வோமே, தாள் ஒவ்வொரு கலருக்கும் அதே இடத்தில் வந்து நிற்பதற்கு, அதேதான். முப்பது வருடம் நான் செய்த வேலையை, செர்ரி மரத்தில் இரண்டு உளி வெட்டாகச் செய்து வைத்திருக்கிறார்கள். "ரிஜிஸ்டர்!" என்று கட்டையைத் தொட்டுச் சொன்னேன். அவர் "கென்தோ" என்று சொல்லிச் சிரித்தார்.

மெஷின் கிடையாது, அழுத்துவது கைதான். மூங்கில் பாளை உறை போர்த்திய வட்டமான பாரென் என்ற திண்டு. தாள் காகித மல்பெரி நாரில் செய்தது, படிகாரமும் பசையும் பூசிப் பதப்படுத்தியது. ஈரமாக வைத்தே அச்சிடுகிறார்கள். மை தாளின் மேலே நிற்பதில்லை, நாருக்குள் இறங்குகிறது. ஆஃப்செட்டில் நாங்கள் பார்க்க முடியாத ஓர் ஆழம் அதில் இருக்கிறது.

பிறகு அவர் எடோபெய்யைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கையில் எடுத்துச் சாய்த்தேன். என் சுவரில் இத்தனை வருடம் இருந்தது வெறும் சாம்பல் பின்னணி. இங்கே அது அப்ரகம், மைக்கா என்போமே அது. கருமைக்கு மேல் அப்ரகப் பொடியைப் பசையில் கலந்து ஏற்றியிருக்கிறார்கள். தாளைச் சாய்க்கச் சாய்க்க வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிறது, முகம் முன்னால் வருகிறது. ஜன்னல் வெளிச்சத்திலும் மெழுகுவத்தியிலும் நாடகம் நடந்த காலம் அது. இருட்டிலிருந்து ஒரு முகம் எழுந்து வந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். காலண்டர் அச்சில் இது வராது. வரவழைக்க எனக்கும் வழி தெரியாது.

அவர் இன்னொரு தாளையும் பக்கத்தில் வைத்தார். முதலாம் இச்சிகாவா ஒமேசோ, இப்பெய் என்ற பணியாள் வேடத்தில். வாளை உருவப் போகிற ஓர் இளைஞன். இரண்டும் ஒரே நாடகத்தின் ஒரே காட்சி. இப்பெய்யை நம்பி ஒப்படைத்த பணத்தைப் பறிக்க, கியோத்தோவின் ஆற்றங்கரையில் எடோபெய் பாய்கிறான். இரண்டு தாளையும் எதிரெதிரே வைத்தபோது அந்த விரல்கள் எங்கே போகின்றன என்று தெரிந்தது. அவை எதிரே இருப்பவனின் மடிக்குப் போகின்றன. கைகள் சின்னவையாக இருப்பதால்தான் முகம் அவற்றை முந்திக்கொண்டு பாய்கிறது. கணக்குத் தப்பவில்லை. நான் இத்தனை வருடம் பாதிப் படத்தை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

ஷராக்குவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1794இன் ஐந்தாம் மாதத்தில், மூன்று கொட்டகைகளில் நடந்த நாடகங்களிலிருந்து ஒரேயடியாக 28 மார்பளவுப் படங்கள் வந்தன, எல்லாம் அப்ரகப் பின்னணியோடு. அதற்கு முன் அந்தப் பெயரில் யாரும் எதுவும் பார்த்ததில்லை. பத்து மாதத்தில் 140க்கு மேற்பட்ட படங்கள். 1795இன் தொடக்கத்தோடு அந்தப் பெயர் மறைந்தது. அவா பிரபுவிடம் இருந்த, 'நோ' என்ற பழைய நாடக வகையில் நடித்த சாய்தோ ஜூரோபெய்தான் அவர் என்று 1844இல் ஒரு குறிப்பு சொல்கிறது. இன்று பலர் அதைத்தான் ஏற்கிறார்கள்.

ஏன் நின்றுபோனது? அவர் காலத்தவரான ஒதா நன்போ ஒரு காரணம் எழுதி வைத்தார்: உண்மையை அளவுக்கு மீறி வரையப் போய், வரையக் கூடாததையும் வரைந்தார், அதனால் நிலைக்கவில்லை. மூன்றாம் செகாவா கிகுனோஜோ எடோவின் முதல்தர ஒன்னகாதா. ஷராக்கு அவரை நாற்பது வயது தாண்டிய ஆணின் தாடையோடு வரைந்தார். முன்பு ஐந்தாம் தன்ஜூரோவாக இருந்தவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். அவருடைய முகச் சுருக்கங்களை ஒன்றுவிடாமல் வைத்தார். அதே வருடத்தில் தொயோகுனி என்ற இளைஞர், அதே நடிகர்களை முழு உருவமாக, மேடையில் எப்படி மினுங்கினார்களோ அப்படி வரைந்தார். ரசிகர்கள் தொயோகுனியை வாங்கினார்கள். அடுத்த அறுபது வருட நடிகர் படங்கள் அவருடைய மாணவர் பரம்பரையின் கையில்தான் இருந்தன.

தொயோகுனியைக் குறை சொல்ல மாட்டேன். ரசிகன் தன் நடிகனை அழகாகப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒனிஜி அதே வருடக் கடைசியில் பெயர் மாற்றிக்கொண்டு இரண்டாம் நகாமுரா நகாசோ ஆனார், 1796இல் இறந்துபோனார். அவருக்கு நீண்ட வாழ்வு கிடைக்கவில்லை. இன்று உலகத்தில் எந்த மூலையிலும் அவர் முகத்தைத் தெரிந்தவர் இருக்கிறார். விற்காத படம் அவருக்குச் செய்த கொடை அது.

இரண்டு மறுபதிப்பையும் வாங்கினேன். விலை என் பட்ஜெட்டுக்கு மீறியதுதான்.

ஐந்தாம் நாள்: ஒதென்மாச்சோ, மறுபடி கபுக்கிசா

காலையில் கோதென்மாச்சோ நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள ஒதென்மாச்சோவுக்கு நடந்தேன். அலுவலகங்கள், கண்ணாடிக் கதவுகள். ஒரு கட்டடத்தின் ஓரத்தில் சின்னத் தகவல் பலகை. ட்சுதாயா ஜூசாபுரோவின் கடை இருந்த இடம். ஷராக்குவின் படங்கள் எல்லாவற்றையும் வெளியிட்டவர் இவர். 1791இல் ஒரு புத்தக வழக்கில் இவருடைய சொத்தில் பாதியை அரசு பறித்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, யாரென்றே தெரியாத ஓவியனை நம்பி, அப்ரகத்தைக் கொட்டி 28 படம் போட்டிருக்கிறார். 1797இல் இறந்தபோது ஐம்பது நிறையவில்லை. பலகை முன் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிற்பகல் கபுக்கிசாவின் நான்காம் தளம். ஒரே ஓர் அங்கம் மட்டும் பார்க்கத் தனி டிக்கெட் உண்டு. அக்கா மகள் முன்னாலேயே எடுத்துவைத்திருந்தாள். புத்தாண்டுக்கு சோகா சகோதரர்கள் கதை போடுவது எடோ வழக்கம், இன்றும் அடிக்கடி போடுகிறார்கள். அப்பாவைக் கொன்ற குதோவை, அண்ணன் ஜூரோவும் தம்பி கோரோவும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். அண்ணன் உடையில் சின்னக் கரைப் பறவைகள், தம்பி உடையில் வண்ணத்துப்பூச்சிகள். தம்பியின் முகத்தில் சிவப்புக் கோடுகள். சிவப்பு என்றால் நல்ல பக்கத்து வீரம், நீலம் என்றால் கொடுமை.

கோரோ கோபத்தில் மரத்தட்டை நொறுக்குகிறான். மேடை ஓரத்தில் ஒருவர் இரண்டு கட்டையால் பலகையில் அடிக்கிறார், பட்டட பட்டட என்று. கோரோ தலையைச் சுழற்றி, கண்ணை உருட்டி, அப்படியே உறைகிறான். கபுக்கியில் மியே என்று சொல்லும் உறைந்த நிலை இதுதான். மேலே எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நடிகரின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கபுக்கி தானே நின்று தன்னைப் படமாக்கிக் கொடுக்கிறது. ஓவியர்கள் ஓடும் காட்சியைப் பிடிக்கவில்லை, நடிகன் நிறுத்திக் கொடுத்த நொடியை வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து உறைந்து நின்றபோது, குதோ ஒரு கொக்கு, மற்றவர்கள் சேர்ந்து ஃபுஜி மலை. அது ஏற்கனவே அச்சான படம் போலவே இருந்தது.

திரை மூடியது. கருப்பு, பழுப்புச் சிவப்பு, பச்சை.

ஆறாம் நாள்: ஒசாகா

காலை ஷின்கான்சென், மதியம் தோதொன்போரி. ஒரு காலத்தில் இந்தக் கால்வாய்க் கரையில் ஐந்து பெரிய கொட்டகைகள் வரிசையாக இருந்தன. இப்போது நண்டுக் கடையும் விளக்குப் பலகைகளும் மொய்க்கும் கூட்டமும். ஒரு சந்துக்குள் திரும்பினால் ஹோசென்ஜி கோயில். பக்தர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி உடம்பெல்லாம் பாசி படர்ந்த ஃபுதோ என்ற தெய்வத்தின் சிலை. நானும் ஒரு கரண்டி ஊற்றினேன். எதிரில்தான் கமிகதா உக்கியோ-எ அருங்காட்சியகம். 2001இல் திறந்த தனியார் இடம், ஒடுக்கமான மாடிகள்.

கமிகதா என்றால் ஒசாகாவும் கியோத்தோவும். இங்கத்திய படங்களில் அழகிகளும் நிலக்காட்சியும் அரிது, ஏறக்குறைய எல்லாமே நடிகர்கள்தான். வரைந்தவர்களில் பலருக்கு வேறு தொழில் இருந்தது. கொட்டகை மேல் வைத்த ஆசையால் வரைந்தார்கள். ரியூகோசாய் என்பவர் ஷராக்குவுக்குக் கொஞ்சம் முன்பே ஒன்னகாதா நடிகர்களை அழகுபடுத்தாமல் இருக்கிறபடியே வரைந்திருக்கிறார். ஷராக்கு அவரைப் பார்த்திருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு எடோ படங்களைவிட இவை மனசுக்கு நெருக்கமாகப் பட்டன. கோடு மிருதுவானது. 1840களுக்குப் பிறகு தாள் பாதியாகச் சிறுத்தது, ஆனால் அச்சு வேலை அவ்வளவு நுணுக்கம். ஹிரோசதா என்ற ஓவியர் வரைந்த முகங்கள் உள்ளங்கை அளவுதான், கண்ணில் நீர் கோத்தது வரை தெரிகிறது.

கீழே, நாமே அச்சிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். உட்கார்ந்தேன். ஒரு நடிகரின் முகம். முதலில் கருப்புக் கோடு, பிறகு வண்ணம் ஒவ்வொன்றாக. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது, ஆனால் தாளின் மூலை 'ட' வெட்டில் உட்கார்ந்ததும் கை தானாகவே ஓரத்தை இழுத்து வைத்தது. சொல்லிக்கொடுத்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு விளக்குவதை நிறுத்திவிட்டார். பாரெனை அழுத்தி வட்டமாகத் தேய்த்தேன். கடைசிக் கட்டை சிவப்பு. உதட்டுக்கும் கண்ணோரத்துக்கும். தாளைத் தூக்கினேன். அந்தச் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இவ்வளவு நேரம் வெறும் கோடாக இருந்த கண் என்னைப் பார்த்தது.

படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். இவர் யார் என்று கண்டுபிடி என்றேன்.

உடனே பதில் வந்தது. "ஒண்ணை மட்டும் வச்சு எப்படி மாமா சொல்றது? அங்க சுவத்துல இவர் இன்னும் இருப்பார், மூக்கைப் பார்த்து வந்து சொல்லுங்க."

ஈரத் தாளைக் காயப் போட்டுவிட்டு மறுபடி மாடி ஏறினேன்.